எல்லாமே டவுன் சின்ட்ரோமால்தானா? (பாப்பாவின் காது விஷயம்)

குற்றாலச்சாரல் எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகளுக்கு நாலு வயது, டவுன் சின்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதல்). பிறந்த மூன்றாம் நாளே டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அழுகையெல்லாம் அழுது முடித்தாயிற்று. இப்போது வந்திருப்பது வேறு விஷயத்துக்கு.

இரண்டரை வயதில் அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தை இருந்தது. ஆச்சி, பால், மா (மாட்டுக்கு), டாட்டா, போ. மூன்று வயது தாண்டியதும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கையைப் பிடித்து இழுத்தால்தான் வருவாள். இரண்டு குழந்தை மருத்துவர்களிடம் காட்டினோம். ஒருவர், "இந்தக் குழந்தைகள் இப்படித்தான், ஏறும் இறங்கும்" என்றார். இன்னொருவர் ஆட்டிசமும் சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில், நாங்கள் வீட்டில் அவளோடு போதுமான அளவு பேசுவதில்லை என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கண்டுபிடித்தது என் அம்மா. பாப்பாவுக்கு மிக்ஸி சத்தம் என்றால் ஆகவே ஆகாது, அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவாள். ஒரு நாள் காலையில் அம்மா இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். இவள் அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மிக்ஸி ஓடுகிறது, இவள் அசையவில்லை. அம்மா நிறுத்தினார், மறுபடி போட்டார், மறுபடி நிறுத்தினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஏல, பிள்ளைக்குக் காது கேக்கலடா" என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் டிம்பனோமெட்ரி (செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தார். மேடு மாதிரி வரவேண்டிய கோடு இரண்டு காதிலும் தட்டையாகக் கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி சளி கட்டியிருக்கிறதாம். குரோமெட் (செவிப்பறையில் வைக்கும் சின்னக் குழாய்) வைக்கவேண்டும் என்கிறார்.

எட்டு மாதம் போயிருக்கிறது. எதைச் சொன்னாலும் சின்ட்ரோம் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் எழுதினேன். என் கேள்வி இரண்டு. இதுபோல இன்னும் எதையெல்லாம் பார்க்காமல் விட்டிருப்போம்? மயக்க மருந்து கொடுத்துக் காதில் குழாய் வைப்பது இவளுக்குச் சரிப்படுமா?


மதுரை_மல்லி எழுதியது:

தம்பி, என் மகனுக்கு 27 வயது. உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவனுக்கு 19 வயதில் திடீரென்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான். அதுவரை ஒரு நாள்கூட அப்படிச் செய்ததில்லை. "பெரிய பையனாகிவிட்டான், ஹார்மோன், இந்தப் பிள்ளைகளுக்கு நடத்தைப் பிரச்சினை வரும்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை போட்டதும் நாள் முழுக்கத் தூங்கினான், எழுந்தால் மறுபடி அறைவான். ஆறு வாரம் இப்படியே ஓடியது. ஒரு நாள் நான் பல் துலக்கிவிடும்போது பிரஷ்ஷில் ரத்தம். பல் டாக்டரிடம் போனால் இடது கடைவாய்ப் பல் சொத்தை, அடியில் சீழ். பிடுங்கிய மறுநாள் காலை மூன்று இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கன்னத்தில் அறைவது அன்றோடு நின்றது.

வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு வார்த்தை வரவில்லை. ஆனால் எந்தப் பக்கம் வலி என்று ஆறு வாரமும் கையாலேயே காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தூக்கம், மலம், சாப்பாடு, புதிதாகச் செய்தது, செய்யாமல் விட்டது, எல்லாம் தேதி போட்டு எழுதுவேன். "ஒரு மாதிரி இருக்கிறான் டாக்டர்" என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். "செவ்வாய்க்கிழமையிலிருந்து இடது பக்கம் மெல்ல மாட்டேன் என்கிறான்" என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்கிறார்கள்.


ஓபி_சீட்டு எழுதியது:

அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் நான். எங்கள் ஆட்கள் மேல் வந்திருக்கும் குறை நியாயமானது, மறுக்கப் போவதில்லை. காலையில் நூறு சீட்டு வரிசையில் நிற்கும்போது, முகத்தைப் பார்த்ததும் ஒரு பெயர் தெரிந்துவிட்டால் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. நானும் செய்திருக்கிறேன்.

சாரல் சார், உங்கள் முதல் கேள்விக்கு. டவுன் சின்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். ஸ்டெத் வைத்துக் கேட்டால் சத்தமே இல்லாமலும் ஓட்டை இருக்கலாம், அதனால் பிறந்ததுமே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கவேண்டும். பெரிய ஓட்டையை முதல் சில மாதங்களில் மூடாமல் விட்டால் நுரையீரலில் அழுத்தம் ஏறி, பிறகு அறுவை செய்யவே முடியாத நிலைக்குப் போய்விடும். உங்கள் மகளுக்கு எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் முதல் வேலை அதுதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை வருகிறது.

அடுத்தது தைராய்டு. பிறந்தபோது, ஆறாம் மாதம், ஒரு வயதில், அப்புறம் வருடா வருடம். பிறந்தபோது நன்றாக இருந்தது என்பதால் நாலு வயதிலும் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. தைராய்டு குறைந்தால் குழந்தை மந்தமாகும், எடை போடும், மலச்சிக்கல் வரும், தோல் வறளும். இதெல்லாம் சின்ட்ரோம் மாதிரியே தெரிவதால்தான் தப்பிவிடுகிறது. தினம் ஒரு சின்ன மாத்திரையில் சரியாகும் விஷயம் இது.

காது உங்களுக்கு இப்போது நன்றாகவே தெரியும். இவர்களுக்குக் காதுத் துவாரமும் குறுகல், காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயும் குறுகல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான். பசைச் சளி சில சமயம் தானாகவே வடிந்துவிடும் என்பதால் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பது வழக்கம். நீங்கள் தெரியாமலேயே எட்டு மாதம் பொறுத்துவிட்டீர்கள், இனி காத்திருக்கத் தேவையில்லை.

கண்ணையும் பாருங்கள், பவர் இருக்கலாம். கண்புரைகூட இருக்கலாம். தூக்கத்தைக் கவனியுங்கள். குறட்டை விடுகிறாளா, தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்து தூங்குகிறாளா, உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்து தூங்குகிறாளா? இருந்தால் இரவில் மூச்சு அடைக்கலாம். சரியாகத் தூங்காத பிள்ளை பகலில் எரிச்சலாக இருக்கும். அதற்கும் "பிடிவாதம்" என்று பெயர் வைத்துவிடுவோம்.

இரண்டாவது கேள்வி. குரோமெட் சின்ன வேலை, பயப்படாதீர்கள். ஆனால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் டவுன் சின்ட்ரோம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள தசைநார் இவர்களுக்குத் தளர்வாக இருக்கலாம். மயக்கத்தில் மூச்சுக்குக் குழாய் போடும்போது கழுத்தை ரொம்ப வளைக்கக் கூடாது. நடை திடீரென்று மாறுவது, கழுத்தைப் பிடித்துக்கொள்வது, அடங்கியிருந்த சிறுநீர் மறுபடி அடங்காமல் போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டவேண்டும். குட்டிக்கரணம், டிராம்பொலின் இப்போதைக்கு வேண்டாம்.


நெல்லை_நெய் எழுதியது:

சொந்தத்தில் கட்டினீர்களா சார்? எங்கள் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டுவதால்தான் இப்படிப் பிறக்கிறது என்று சொல்வார்கள்.


சாக்பீஸ்தூள் எழுதியது:

விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியை முப்பது வருடம் வகுப்பில் கேட்டிருக்கிறேன், இங்கேயும் வந்துவிட்டது.

டவுன் சின்ட்ரோமுக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தமில்லை ஐயா. 21ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. செல் பிரிவின் பாதியில் நின்றபடி பல வருடம் காத்திருக்கின்றன. மீதிப் பிரிவு நடக்கும்போது ஒரு ஜோடி பிரியாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அம்மாவின் வயது கூடக்கூட இது கூடும். இருபதுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவத்தில் ஒன்று, 40 வயதில் சுமார் நூற்றில் ஒன்று. ஆனாலும் இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பலருக்கு இளம் தாய்மார்தான், ஏனென்றால் பிரசவங்களே அந்த வயதில்தான் அதிகம். கிரகணத்தன்று வெளியே போனது, பப்பாளி தின்றது, மாமியார் திட்டியது, எதுவும் காரணமில்லை.

சொந்தத்தில் கட்டுவதில் வேறு ஆபத்து உண்டு, அதை மறைக்கவும் வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் ரத்த சொந்தத்தில் நடந்தவை. ஒளிந்திருக்கும் மரபணுக் குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் பிறவிச் செவிட்டுத்தன்மை, சில வளர்சிதை மாற்றக் கோளாறுகள் வரும். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு.

ஒரு விஷயம் மட்டும் சாரல் சார் பார்க்கவேண்டும். குழந்தைக்குக் கேரியோடைப் (குரோமோசோம்களைப் பார்க்கும்) பரிசோதனை எடுத்தீர்களா? நூற்றில் 95 பேருக்கு இது தற்செயலாக வருவது. மூன்று, நாலு பேருக்கு மட்டும் அந்தக் கூடுதல் துண்டு வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் அப்பா அம்மாவையும் சோதிக்கவேண்டும், அடுத்த குழந்தைக்கு அது முக்கியம்.

லண்டன் மருத்துவர் லாங்டன் டவுன் 1866இல் விவரித்தார் என்பதால் அவர் பெயர். ஆனால் அவரே வைத்த பழைய பெயர் மங்கோலியர்களை இழிவுபடுத்துவது. மங்கோலிய அரசே கேட்டுக்கொண்டதால் 1965இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. கூடுதல் குரோமோசோம் என்று தெரிந்தது 1959இல்தான். நடுவே 93 வருடம் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், பெரும்பாலும் அம்மாக்களைக் குற்றம் சொல்லி.


சித்தர்_வழி எழுதியது:

இதற்கு லேகியம் இருக்கிறது. ஒரு மண்டலம் சாப்பிட்டால் மூளை நரம்பு திறக்கும். விவரம் வேண்டுபவர்கள் தனிச்செய்தி அனுப்பவும்.


மதுரை_மல்லி எழுதியது:

தனிச்செய்தி வேண்டாம் தம்பி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இங்கேயே சொல்லுங்கள், என்ன போட்டுச் செய்கிறீர்கள்? என் மகனுக்கு மூன்று வயதில் இப்படி ஒரு லேகியம் நாங்களும் வாங்கினோம். அன்றைக்கு அந்தக் காசில் ஒரு பவுன் வாங்கியிருக்கலாம்.


கீழ்ப்பாக்கம்_கீர்த்தி எழுதியது:

தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு 36 வயது, 12 வாரம். முந்தாநாள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தேன், குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்க "அதிக வாய்ப்பு" என்று வந்திருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. தேடிக்கொண்டே இந்த இழைக்கு வந்தேன். இங்கே கேட்கலாமா என்றும் தெரியவில்லை.


ஓபி_சீட்டு எழுதியது:

கேட்கலாம் அம்மா. 11இலிருந்து 14 வாரத்துக்குள் எடுக்கும் அந்தப் பரிசோதனை வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. "அதிக வாய்ப்பு" என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை சாதாரணமாகவே பிறக்கிறது. அடுத்தது தாயின் ரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏவைப் பார்க்கும் பரிசோதனை, இன்னும் துல்லியமானது. உறுதியாகச் சொல்வது நஞ்சுக்கொடியின் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துச் செய்வதுதான். முடிவு எதுவானாலும் அது உங்கள் இருவருடையது. அதற்கு முன் மரபணு ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.


கோவை_பஞ்சு எழுதியது:

இப்படி ஒரு குழந்தையின் அப்பா புலம்புகிற இழையில் வந்து, பெற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று கேட்பது நன்றாகவா இருக்கிறது?


மதுரை_மல்லி எழுதியது:

பஞ்சு தம்பி, அந்தப் பெண் அப்படிக் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு 27 வருடத்துக்கு முன்னால் இப்படிக் கேட்க ஒரு இடம் இல்லை.

கீர்த்திம்மா, வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வா. என் மகன் போட்டுத் தரும் காபி கொஞ்சம் சர்க்கரை தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள். நான் உனக்கு எந்தப் புத்திமதியும் சொல்ல மாட்டேன்.


கோவை_பஞ்சு எழுதியது:

சரி அக்கா. மன்னிக்கவும், கீர்த்தி. எனக்கு வேறு எரிச்சல் இருந்தது, அதை உங்கள் மேல் காட்டிவிட்டேன்.

எரிச்சல் பள்ளிக்கூடத்தின் மேல். என் பையனுக்கும் டவுன் சின்ட்ரோம், 11 வயது. எல்கேஜியிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஒரு தனியார் பள்ளியில் படித்தான். கூடவே ஓர் ஆள் உட்காரவேண்டும், சம்பளம் நாங்கள் கொடுக்கவேண்டும் என்றார்கள், கொடுத்தோம். ஆண்டு விழாவில் அவனை முதல் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சு. ஐந்து வருடத்தில் அவனுக்கு ஓர் எழுத்துகூட வரவில்லை. பிறகு சிறப்புப் பள்ளியில் சேர்த்தோம். இரண்டு வருடத்தில் பஸ் நம்பர் படிக்கிறான், பத்து ரூபாய் கொடுத்து ஏழு ரூபாய்க்கு வாங்கினால் மீதி கேட்கிறான். எல்லாரோடும் சேர்ந்து படிப்பது மேல் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.


வட்டார_வளம் எழுதியது:

நான் அரசுப் பள்ளிகளுக்குப் போகும் சிறப்பாசிரியை, ஒப்பந்தப் பணி. பஞ்சு அண்ணா சொல்வது நடக்கிறது, ஆனால் அதைச் சேர்ந்து படிப்பது என்றே நான் சொல்ல மாட்டேன். பெஞ்சு மாறவில்லை, பாடம் மாறவில்லை, கேள்வித்தாள் மாறவில்லை, பையன் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

சாரல் அண்ணா மகளுக்கு வருகிறேன். இவர்களில் நிறையப் பேருக்குக் கேட்டுக் கற்பதைவிடப் பார்த்துக் கற்பது எளிது. படம், சைகை, கையைப் பிடித்துச் செய்துகாட்டுவது. சைகை பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பலரும் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு முதலில் வந்தது "இன்னும் வேணும்" என்ற சைகைதான். அந்தச் சைகை வந்த அன்றே கடிப்பது பாதியாகக் குறைந்தது. பாப்பாவை அங்கன்வாடியில் விட்டால் டீச்சருக்கு நேர் எதிரே, சுவரை ஒட்டி உட்காரவைக்கச் சொல்லுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், தெருச் சத்தத்தில் குரல் கலந்துவிடும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தீர்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, இவளுக்கு அறிவுசார் குறைபாடு என்ற தலைப்பில் வரும். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி அவளுடைய உரிமை, "எங்களிடம் வசதியில்லை" என்று அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. மாதாமாதம் வரும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அந்த அட்டைதான் ஆதாரம். நீங்கள் தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் கிட்டத்தில்தான் இருக்கும், ஆரம்பநிலைப் பயிற்சி கொடுக்கிறார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் உண்டு. 2013இலிருந்து நடக்கும் திட்டத்தின் கீழ் வருவது, காசு கிடையாது. அங்கே காதையும் கண்ணையும் சேர்த்தே பார்க்கவேண்டும். பார்க்கவில்லையென்றால் கேளுங்கள்.

பஞ்சு அண்ணா, மீதி கேட்கப் பழக்கியது யார்? அந்த டீச்சரை எங்கள் வட்டாரத்துக்கு அனுப்ப முடியுமா?


கோவை_பஞ்சு எழுதியது:

அந்த டீச்சருக்கும் நாலு மாதச் சம்பளப் பாக்கி. கேட்டால் வந்துவிடுவார் போலத்தான் இருக்கிறது.


மதுரை_மல்லி எழுதியது:

அட்டை என்றதும் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு 18 ஆனதும் சட்டப்படி நாம் காப்பாளர் இல்லை. வங்கியில் கையெழுத்து என்று வந்து நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே மனு கொடுத்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வாங்கவேண்டும். இன்றைக்கு உங்களுக்கு அவசரமில்லை. பீரோவில் ஒரு ஃபைல் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.


குற்றாலச்சாரல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

எக்கோ பிறந்தபோதே எடுத்திருந்தோம், சின்ன ஓட்டை தானாக மூடிவிட்டது. தைராய்டு கடைசியாகப் பார்த்தது ஒரு வயதில். மறுபடி எடுத்தோம், குறைவாகத்தான் இருக்கிறது, மாத்திரை ஆரம்பித்தாயிற்று. ஆக அதுவும் கணக்கில் தவறித்தான் போயிருந்தது. கேரியோடைப் பழைய ஃபைலில் கிடந்தது, தற்செயல் வகைதான்.

குரோமெட் போன வியாழக்கிழமை வைத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்ததும் கழுத்து விஷயத்தைச் சொன்னேன். "யார் சொன்னது?" என்றார். ஓபியில் ஒரு டாக்டர் என்று சொல்லிவிட்டேன். தலைக்கு இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் குக்கர் விசில் அடித்தது. பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். என் மனைவி அடுப்பை அணைக்காமல் பின்னாலேயே ஓடினாள், பருப்பு அடிப்பிடித்துவிட்டது. வார்த்தை எதுவும் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் தெருவில் மாடு போனால் இப்போது திரும்பிப் பார்க்கிறாள்.

அப்புறம் ஒரு சந்தேகம். இந்தச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவேண்டும் என்று அம்மா நிற்கிறார். சளி இளகட்டும் என்று காதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். விடலாமா?


ஓபி_சீட்டு எழுதியது:

காதில் ஒரு சொட்டுகூடக் கூடாது. அந்தக் குழாய் வழியாக நேராக உள்ளே போய்விடும். தலைக்குத் தேய்க்கலாம். குளிப்பாட்டும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை மூடிக்கொள்ளுங்கள். காதிலிருந்து நீரோ சீழோ வடிந்தால் உடனே காட்டுங்கள். குழாய் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் தானாக விழுந்துவிடும், இவர்களுக்கு மறுபடி வைக்க வேண்டியும் வரலாம். அதனால் வார்த்தை வர ஆரம்பித்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகவேண்டும். தைராய்டை ஆறு வாரத்தில் திரும்ப எடுத்துப் பாருங்கள், மாத்திரை அளவு மாறலாம்.

உங்கள் அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.


குற்றாலச்சாரல் எழுதியது:

சொன்னேன் டாக்டர். "எண்ணெய் விடக் கூடாதுன்னு சொல்ற டாக்டரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பஞ்சு மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்.